உடன்வாழும் பாக்டீரியாவும் ஓயாத குடல் அழற்சியும்

மனித உடலில் பாக்டீரியா மிக அடர்த்தியாக வாழும் இடம் பெருங்குடல். அதனோடு வந்து இணையும் சிறுகுடலின் கடைப்பகுதி அதற்கு அடுத்த நிலையில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆறாமல் தொடரும் குடல் அழற்சி நோய் மிகுதியாகத் தாக்குவதும் இவ்விரண்டு இடங்களையே. காயமோ கிருமித் தொற்றோ ஏற்பட்ட இடத்தில் குருதியோட்டம் பெருகி, வெள்ளணுக்கள் திரண்டு, அவ்விடம் சிவந்து வீங்கி வலிப்பதை அழற்சி என்கிறார்கள். காரணம் நீங்கியதும் அது அடங்கிவிடுவதே இயல்பு. குடல் அழற்சி நோயில் அது அடங்குவதில்லை. அடங்கினாலும் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மீண்டும் கிளம்புகிறது. உடல் எதை எதிர்த்து இப்படிப் போரிடுகிறது என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நூறாண்டுக்கும் மேலாக விடை தேடி வந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த பகைவனைத் தேடித் தொடங்கிய அந்தத் தேடல், பிறந்தது முதல் குடலிலேயே குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டத்திடம் இன்று வந்து நிற்கிறது.

குடல் அழற்சி நோய் என்பது முதன்மையாக இரண்டு நோய்களுக்கான பொதுப்பெயர். லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859இல் விவரித்த பெருங்குடல் புண் அழற்சி, அதாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். பெருங்குடலின் உட்படலத்தைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932இல் விவரித்த கிரோன் நோயோ வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றக்கூடியது; ஓரிடத்தில் தாக்கி, அடுத்த பகுதியை விட்டுவிட்டு, அதற்கப்பால் மீண்டும் தலைகாட்டும்; குடல் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவி, சுருக்கங்களையும் அருகிலுள்ள உறுப்புகளுக்குத் துளைத்துச் செல்லும் புரைவழிகளையும் உண்டாக்கும். இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல், வயிற்றுவலி, எடைக்குறைவு, சோகை ஆகியவை பொதுவான அறிகுறிகள். ஊர்ச் சுவர்களில் மூலம், பவுத்திரம் என்று எழுதிக் கூப்பிடும் சிகிச்சைக் கூடங்களில் போய்ச் சேர்வோரில் சிலருக்கு இருப்பது உண்மையில் இந்நோயே. ஆசனவாயருகே உண்டாகும் பவுத்திரம் கிரோன் நோயின் முதல் அடையாளமாகவே வருவதும் உண்டு.

இந்திய மருத்துவர்களுக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. குடலில் வரும் காசநோயும் சிறுகுடலின் கடைப்பகுதியையே விரும்பித் தாக்குகிறது; காய்ச்சலும் எடைக்குறைவும் வலியும் ஒன்றுபோலவே இருக்கின்றன; கொலோனோஸ்கோபியில் தெரியும் புண்களையும் திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தெரியும் செல்திரள்களையும் கொண்டு இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். எனவே முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, புண் ஆறாவிட்டால் கிரோன் நோய் என்று முடிவுசெய்யும் வழக்கம் இங்கே நிலவுகிறது. மாறிப்போனால் விளைவு கடுமையானது. கிரோன் நோய்க்கான மருந்துகள் பலவும் எதிர்ப்பாற்றலைத் தணிப்பவை. அவற்றைக் காசநோயாளிக்குக் கொடுத்தால் காசநோய்க் கிருமி உடலெங்கும் பரவ வழி பிறக்கும்.

காசநோயோடு இருந்த இந்த ஒற்றுமையே ஒரு தனிக் கிருமியைத் தேடும் முயற்சியையும் தூண்டியது. கிரோனுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்பே, 1913இல், ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் கென்னடி டால்சீல் இதே போன்ற குடல் நோயை விவரித்து, மாடுகளுக்கு வரும் ஜோன் நோயோடு அதை ஒப்பிட்டிருந்தார். ஜோன் நோய்க்குக் காரணமானது காசநோய்க் கிருமியின் உறவினமான ஒரு மைக்கோபாக்டீரியம். மனிதரின் கிரோன் நோய்க்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் பல பத்தாண்டுகள் நீடித்தது. இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்ற ஒரே பாக்டீரியா காரணம் என்று ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட பிறகு இந்த நம்பிக்கை இன்னும் வலுப்பெற்றது. அதே ஆஸ்திரேலியாவில் கிரோன் நோயாளிகளுக்கு மைக்கோபாக்டீரியத்தைக் கொல்லும் மூன்று மருந்துகளை இரண்டு ஆண்டுகள் சேர்த்துக் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது: தொடக்க மாதங்களில் சிறிது பலன் தெரிந்தது, நிலைத்த பலன் எதுவும் இல்லை. தனிக் குற்றவாளிக் கொள்கை முற்றிலும் கைவிடப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும் பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை விட்டு விலகிவிட்டனர்.

விலகியவர்களுக்கு வலுவான காரணங்கள் இருந்தன. அவற்றில் மிகத் தெளிவானது பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவமனையில் கிடைத்தது. கிரோன் நோயால் கெட்டுப்போன சிறுகுடல் பகுதியை வெட்டியெடுத்து, மிஞ்சிய குடலைப் பெருங்குடலோடு இணைத்துத் தைத்தால், இணைப்புக்குச் சற்று மேலே சில மாதங்களில் நோய் மீண்டும் தோன்றுவது வழக்கம். ஆனால் குடலில் இறங்கிவரும் கழிவை இணைப்புக்கு மேலேயே வயிற்றின் வெளிப்புறத் துளைவழி திருப்பிவிட்டால், அடிப்பகுதிக் குடல் நோயின்றி இருப்பதை அங்கிருந்த மருத்துவர்கள் 1991இல் தெரிவித்தனர். பின்னர் 1998இல், அவ்வாறு ஓய்வில் வைக்கப்பட்டிருந்த குடலுக்குள் நோயாளியின் குடலில் ஓடும் திரவத்தையே குழாய் மூலம் செலுத்தியபோது, சில நாட்களிலேயே அழற்சியின் முதல் தடயங்கள் தோன்றின. ஆய்வில் பங்கேற்றோர் எண்ணிக்கை மிகச் சிறிதே எனினும், குடலுக்குள் ஓடுவதில் ஏதோ ஒன்றே அழற்சிக்குத் தீமூட்டுகிறது என்பதை இதைவிட நேரடியாகக் காட்டிய சோதனை வேறில்லை.

அந்த ஏதோ ஒன்று பாக்டீரியாவே என்பதை எலிகள் காட்டின. இன்டர்லூக்கின்-10 என்பது அழற்சியை அடக்குமாறு எதிர்ப்பு மண்டலச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் வேதிச் செய்தி. அதற்குரிய மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குத் தானாகவே குடல் அழற்சி வருவதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1993இல் கண்டனர். அதே எலிகளைத் தொற்றுநீக்கிய அறைகளில், வடிகட்டிய காற்றும் கிருமி நீக்கிய உணவும் கொடுத்து, சுவரில் பொருத்திய கையுறைகள் வழியாக மட்டுமே தொட்டு, உடலில் ஒரு பாக்டீரியாகூட இல்லாதபடி வளர்த்தபோது அவற்றுக்கு அழற்சி வரவில்லை. சாதாரண எலிக்குத் தீங்கு செய்யாத குடல் பாக்டீரியாவை உள்ளே விட்டதும் நோய் வந்துவிட்டது. மனிதரிலும் இதற்கு ஈடான நிலை உண்டு: இன்டர்லூக்கின்-10 செய்தியை ஏற்கும் அமைப்பு பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையான குடல் அழற்சி வருவது 2009இல் தெரியவந்தது. ஆக, நோய்க்குப் பாக்டீரியா வேண்டும். ஆனால் அது கொடிய பாக்டீரியாவாக இருக்க வேண்டிய தேவையில்லை.

ஒரு மனிதரின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016இல் வெளியான கணக்கீடு கூறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருப்பவை. இத்தனை பெரிய கூட்டத்தையும் எதிர்ப்பு மண்டலத்தையும் பிரித்துவைப்பது ஒற்றை அடுக்குச் செல்களாலான ஓர் உட்சுவரும் அதன்மேல் படிந்த சளிப்படலமும் மட்டுமே. பெருங்குடலில் இந்தச் சளி இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்கிறது: தளர்ந்த வெளியடுக்கில் பாக்டீரியா குடியிருக்க, செறிவான உள்ளடுக்கு ஏறத்தாழ பாக்டீரியாவே இல்லாமல் இருப்பதை ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். பெருங்குடல் புண் அழற்சியில் இந்த உள்ளடுக்கு மெலிந்து, பாக்டீரியா செல்களை நேரடியாகத் தொடும் அளவுக்கு நெருங்கிவிடுகிறது.

கிரோன் நோயோடு தொடர்புடையதாக முதலில் கண்டறியப்பட்ட மரபணுவும் இதே எல்லைக்காவலைச் சார்ந்தது. 2001இல் இனங்காணப்பட்ட நாட்-2 என்னும் அம்மரபணு, பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்கை உணர்ந்து எச்சரிக்கும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. ஐரோப்பிய நோயாளிகளில் கணிசமானோருக்கு அது பழுதுபட்டிருக்கிறது. எச்சரிக்கும் புரதம் பழுதானால் அழற்சி குறையத்தானே வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் பாக்டீரியாவை எல்லையிலேயே தடுக்கும் முதல்நிலைக் காவல் தளர்ந்தால், உள்ளே நழுவியவற்றை எதிர்த்து இரண்டாம்நிலைப் படை மிகையாகக் கிளம்பும் என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இன்று 200க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இந்நோய்களோடு தொடர்புடையவையாக அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல, பாக்டீரியாவை உணர்வதிலோ அடக்குவதிலோ பங்குள்ளவை. ஐரோப்பியரிடம் பொதுவாகக் காணப்படும் நாட்-2 பழுதுகள் இந்திய கிரோன் நோயாளிகளிடம் இல்லை என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் தெரிவித்தது இங்கே நினைக்கத்தக்கது. நோய் ஒன்றாக இருந்தாலும் அதற்கு வந்து சேரும் பாதை எல்லா மக்களுக்கும் ஒன்றாக இல்லை.

நோயாளிகளின் குடலில் எந்தப் பாக்டீரியா மிகுந்திருக்கிறது என்று தேடியவர்களுக்கு, எது குறைந்திருக்கிறது என்பதே அதிகம் சொல்லிற்று. ஐரோப்பிய ஆய்வாளர்கள் 124 பேரின் மலத்திலிருந்து 33 லட்சம் பாக்டீரியா மரபணுக்களைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட பட்டியலின்படி, குடல் அழற்சி நோயாளிகளிடம் அம்மரபணுக்களின் வகை சராசரியாகக் கால்பங்கு குறைந்திருந்தது. இழப்பில் முதன்மையானது ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்ற பாக்டீரியம். நலமானவர்களின் குடலில் பெருமளவில் வாழும் இது, திறந்த காற்றில் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. ஆதலால் ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதே பெரும்பாடு. அறுவையின்போது இது குறைவாக இருந்த கிரோன் நோயாளிகளுக்குப் பின்னர் நோய் திரும்பி வரும் வாய்ப்பு மிகுதி என்பதையும், இது சுரக்கும் பொருட்கள் எலிகளில் அழற்சியைத் தணிக்கின்றன என்பதையும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர்.

இந்தப் பாக்டீரியமும் அதன் இனத்தவையும் செய்யும் முதன்மையான வேலை, மனிதக் குடலால் செரிக்க முடியாத நார்ச்சத்தை நொதிக்கவைத்துப் பியூட்டிரேட் என்னும் குறுங்கொழுப்பு அமிலத்தை ஆக்குவது. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள். மற்ற உறுப்புகள் குருதி கொண்டுவரும் சத்தை நாடும்போது, இச்செல்கள் பாக்டீரியா ஆக்கிக் கொடுப்பதை உண்டு வாழ்கின்றன. டி செல்கள் என்னும் வெள்ளணுக்களில் அழற்சியை அடக்கிவைக்கும் வகை பெருகவும் பியூட்டிரேட் துணைசெய்வதை 2013இல் வெளியான எலி ஆய்வுகள் காட்டின. குடல் பாக்டீரியாவின் இந்த உழைப்பை மருத்துவம் நேரடியாகப் பயன்படுத்திக்கொண்ட ஒரு நிகழ்வு வேலூரில் உண்டு. காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, செரிக்காமல் பெருங்குடல்வரை சென்று சேரும் ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தையும் கலந்து கொடுத்தபோது கழிச்சல் குறைந்ததை அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாவுச்சத்தைப் பாக்டீரியா குறுங்கொழுப்பு அமிலமாக்க, அதன் தூண்டுதலால் பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொண்டது என்பதே அதன் அடிப்படை.

பியூட்டிரேட்டை எரிக்கும் செல்கள் ஆக்சிஜனை மிகுதியாகச் செலவிடுவதால், குருதியிலிருந்து வரும் ஆக்சிஜன் குடலின் உட்பகுதிக்குக் கசிவதில்லை. பிராஸ்னிட்சி போன்றவை வாழ்வதற்கு இந்த ஆக்சிஜனற்ற சூழல் இன்றியமையாதது. அழற்சி கிளம்பி உட்சுவர் புண்ணானால் இந்த ஏற்பாடு குலைகிறது: ஆக்சிஜன் கசிகிறது, அழற்சிச் செல்கள் வெளியிடும் பொருட்களிலிருந்து நைட்ரேட் உண்டாகிறது, இரண்டையும் கொண்டு மூச்சுவிடத் தெரிந்த ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் பல்கிப் பெருக, பியூட்டிரேட் ஆக்குபவை மடிகின்றன. அவை மடியவே செல்களின் உணவு குறைந்து சுவர் மேலும் பலவீனப்படுகிறது. பிரான்ஸின் கிளர்மோன்-ஃபெரான் நகரில் அர்லெட் தார்ஃபேய்-மிஷோ தலைமையிலான குழு, கிரோன் நோயாளிகளின் சிறுகுடலில் உட்சுவர்ச் செல்களோடு ஒட்டி உள்ளே நுழையவும், தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே பெருகவும் வல்ல ஈ.கோலை வகை ஒன்றை இனங்கண்டது. அது ஒட்டிக்கொள்வதற்கான பிடிமானப் புரதத்தை அழற்சியே செல்களின் மேல் மிகுதியாக முளைக்கச் செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

இப்படி ஒன்றையொன்று வளர்க்கும் சுழலில் எது முதலில் தொடங்கியது என்பதுதான் இத்துறையின் பழைய வழக்கு. நோயும் மருந்தும் கழிச்சலும் பாக்டீரியாவை மாற்றிவிடும். ஆகவே நோயாளியின் மலத்தில் காணும் மாற்றம் நோயின் விளைவாகவே இருக்கலாம். வட அமெரிக்காவில், நோய் அப்போதுதான் கண்டறியப்பட்டு மருந்து எதுவும் தொடங்காத கிரோன் நோய்க் குழந்தைகளின் குடல் திசுவை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, அந்நிலையிலேயே பாக்டீரியாக் கூட்டம் மாறியிருந்ததையும், ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்த குழந்தைகளிடம் மாற்றம் கூடுதலாக இருந்ததையும் காட்டியது. கனடாவின் டொரொன்டோவை மையமாகக் கொண்ட மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே போயிற்று. கிரோன் நோயாளிகளின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளுமான, நோயற்ற 3,000க்கும் மேற்பட்டோரின் மலத்தைச் சேமித்துவைத்து, அவர்களுள் எவருக்கு நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். பின்னாளில் நோயுற்றவர்களின் பாக்டீரியாக் கூட்டம், நோய் வெளிப்படுவதற்கு முன்பே மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்தது என்பதை 2023இல் வெளியிட்டனர். வழக்கு முடிந்துவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாத தொடக்கநிலை அழற்சி அப்போதே இருந்திருக்கலாம் என்று வாதிடுவோருக்கும் இடமிருக்கிறது. ஆனாலும் பாக்டீரியா மாற்றம் வெறும் பின்விளைவே என்ற வாதம் முன்போல் வலுவாக இல்லை.

மரபணு ஓரிரு தலைமுறையில் மாறுவதில்லை. இந்நோயோ ஒரு தலைமுறைக்குள் பெருகுகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய இந்திய வம்சாவளியினரிடம் பெருங்குடல் புண் அழற்சி அந்நாட்டு வெள்ளையரைவிட மிகுதியாக இருந்ததை 1990களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் கவனித்தனர். மேலைநாடுகளில் பெருக்கம் நிதானப்பட்டுவரும் வேளையில், இந்தியா உள்ளிட்ட புதிதாகத் தொழில்மயமாகும் நாடுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறிவருகிறது. நார்ச்சத்துக் குறைந்த உணவு, குழந்தைப் பருவ ஆன்டிபயாடிக், பதப்படுத்திய உணவிலுள்ள சேர்மானங்கள் ஆகியவை ஐயத்துக்குரியவை. நார்ச்சத்தே இல்லாத உணவைக் கொடுத்த எலிகளில், பசித்த பாக்டீரியா சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவது 2016இல் காட்டப்பட்டது. ஐஸ்கிரீமிலும் சாஸ்களிலும் பதம் பிரியாமலிருக்கச் சேர்க்கும் இரண்டு பொருட்கள், நோய்க்கு எளிதில் ஆட்படும் எலிகளில் குடல் அழற்சியைத் தூண்டுவதாக 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. எலியிலிருந்து மனிதருக்கு வரும் தூரம் சிறிதன்று.

பாக்டீரியாதான் காரணமென்றால் அதைக் கொன்றோ, நல்லதைச் சேர்த்தோ குணப்படுத்திவிடலாமே என்ற எண்ணம் இயல்பானது; மருந்துக் கடைகளில் புரோபயாடிக் மாத்திரைகள் அந்த எண்ணத்தின் பேரிலேயே விற்கின்றன. ஆன்டிபயாடிக் மருந்துகள் சீழ்க்கட்டிக்கும் பவுத்திரத்துக்கும் உதவுகின்றன. நோயை நிலையாக அடக்குவதில்லை. புரோபயாடிக் வகையில், பெருங்குடல் புண் அழற்சி மீளாமல் தடுப்பதில் வழக்கமான மெசலமின் மருந்துக்கு ஈடாக நின்றது ஒரு ஈ.கோலை வகை. முதல் உலகப் போரில் உடனிருந்தோர் வயிற்றுக் கடுப்பில் விழுந்தபோது தான் மட்டும் நோயுறாத ஒரு படைவீரரின் மலத்திலிருந்து, ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரெட் நிஸ்லெ 1917இல் பிரித்தெடுத்தது அது. கிரோன் நோயில் எந்தப் புரோபயாடிக்கும் உறுதியான பலன் காட்டவில்லை. தயிரையோ மாத்திரையையோ நம்பி மருந்தை நிறுத்தும் நோயாளிகளுக்கு நோய் மீண்டும் கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது. பழைய சோற்றைப் பற்றிய ஆர்வம் இதனினும் பொருளுடையது. வடித்து ஆறிய சோற்றில் செரிக்கா மாவுச்சத்து கூடுகிறது, அது பெருங்குடல் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்கு அது பயன்படுமா என்று ஆராயவும் முற்பட்டுள்ளனர். குடலில் சுருக்கம் உள்ள கிரோன் நோயாளி நார்ச்சத்தை மிகுத்து உண்டால் அடைப்பு ஏற்படக்கூடும் என்பதால், இதில் பொதுவிதி எதுவும் செல்லாது.

நல்ல பாக்டீரியா குறைவதே கேடு என்ற கோட்பாட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று எச்சரிப்பதும் ஓர் உணவுச் சிகிச்சையே. கிரோன் நோய்க் குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வேறெந்த உணவுமின்றி ஊட்டச்சத்துத் திரவம் மட்டும் கொடுத்தால், பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு மருந்துக்கு இணையாக அழற்சி தணிகிறது. நலம் பெறும் அதே வாரங்களில், நன்மை செய்வதாகக் கொண்டாடப்படும் பிராஸ்னிட்சி மேலும் குறைவதை ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் கண்டனர். ஏன் என்பதற்கு நிறைவான விளக்கம் இன்னும் இல்லை.

நலமானவரின் மலத்திலுள்ள பாக்டீரியாக் கூட்டம் முழுவதையும் நோயாளிக்கு மாற்றும் சிகிச்சை, முகம் சுளிக்கவைத்தாலும், இன்று முறையான ஆய்வுக்கு உட்பட்டிருக்கிறது. தாமே பெருங்குடல் புண் அழற்சியால் அவதிப்பட்ட ஓர் அமெரிக்க மருத்துவர் தமக்கு அதைச் செய்துகொண்டு பலன் கண்டதை 1989இல் எழுதினார். கனடாவில் 75 நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் மலக்கரைசல் பெற்றோரில் 24 விழுக்காட்டினருக்கும், வெறும் நீர் பெற்றோரில் 5 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்தது. தணிந்த ஒன்பது பேரில் ஏழு பேர் ஒரே கொடையாளரிடமிருந்து பெற்றவர்கள். அவரிடம் இருந்தது என்ன என்பதைப் பலரும் தேடினர். ஆபத்தும் இல்லாமலில்லை: வேறு நோய்களுக்காக இச்சிகிச்சை பெற்ற இருவருக்கு, கொடையாளரின் மலத்திலிருந்த மருந்துக்கு அடங்காத ஈ.கோலை தொற்றி, ஒருவர் இறந்ததை அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் அறிவித்தது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 66 நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஒரு தரப்பினருக்குத் தொடக்க வாரங்களில் மலமாற்றமும், ஏறத்தாழ ஓராண்டு அழற்சியைத் தணிக்கும் உணவுமுறையும் கொடுக்கப்பட்டன. மற்றொரு தரப்பினருக்கு வழக்கமான மருந்து தொடர்ந்தது. முதல் தரப்பினர் தெளிவாக மேம்பட்டனர். ஆனால் மலமாற்றமும் உணவும் ஒரே தரப்பினருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டதால், அவர்களைத் தேற்றியது புதிதாக வந்த பாக்டீரியாவா, அதற்குக் கிடைத்த உணவா என்பதை அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.